அக்கா வந்தால்தான் சீர்

என் அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் அவளுடைய தோள்பையில் மூன்று சின்னப் புத்தகங்கள் இருக்கும். ஒன்று ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட். இரண்டாவது, ஓ.சி.ஐ. என்று சொல்கிற நீலப் புத்தகம். மூன்றாவது அவளுடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட். ரத்து என்று முத்திரை குத்தி, அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துத் திருப்பிக் கொடுத்தது. முதல் இரண்டும் இல்லாமல் அவளால் இந்தியாவுக்கு விமானம் ஏற முடியாது. மூன்றாவதை நம்பி ஒரு டவுன் பஸ்கூட ஏற முடியாது. ஆனாலும் அதையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு அலைவாள்.

நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை. வேறு நாட்டின் குடிமகள் ஆகிவிட்டால் நம் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளக்கூடியதுதான் அந்த ஓ.சி.ஐ. புத்தகம். அது இருந்தால் விசா கேட்காமல் உள்ளே விடுவார்கள், விரும்பும்வரை இருக்கலாம். ஓட்டுப் போட முடியாது. தோட்டம் காடு விலைக்கு வாங்க முடியாது. கிட்டத்தட்ட ரெட்டைக் குடியுரிமை மாதிரிதான் என்று அக்கா சொந்தக்காரர்களுக்கு விளக்குவாள். எங்கள் பெரியப்பா, பெரிய தென்னந்தோப்பும் அதைவிடப் பெரிய வாயும் உள்ளவர், தோட்டம் வாங்க முடியாது என்ற இடத்திலேயே கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு சென்ட் காடு வாங்க முடியாதவளுக்கு அது என்ன பெரிய குடியுரிமை என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து அவளை ஆஸ்திரேலியாக்காரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தார். அக்கா சிரித்துக்கொள்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவின் விஷயம் வேறு. கோயமுத்தூர் பீளமேட்டில் அவருக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. மோட்டார் பம்புக்கு வேண்டிய உதிரிபாகங்கள் கடைந்து கொடுப்பார். எதைக் கையில் எடுத்தாலும் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். பாஸ்போர்ட்டையும் அப்படித்தான். நம் பழைய பாஸ்போர்ட்டுகளின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர், தாயார் பெயர், வீட்டு முகவரி எல்லாம் அச்சடித்திருக்கும். அக்காவுக்கு முதன்முதலில் இந்தியப் பாஸ்போர்ட் வந்தபோது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டறையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம். வெளிநாட்டுக்குப் போகப்போவது அவர் மகள். ஆனால் அவர் காட்டியது தன் பெயரை.

குடியுரிமை வாங்கிக்கொண்டு அக்கா முதல் தடவை வந்தபோது புதுப் பாஸ்போர்ட்டை ஆசையாக அவர் கையில் கொடுத்தாள். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அதற்கு முந்தைய பக்கத்தைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"என்ற பேரக் காணமே கண்ணு."

அந்த ஊரில் அப்பா அம்மா பெயரெல்லாம் பாஸ்போர்ட்டில் போடுவதில்லை என்று அக்கா சொன்னாள். அப்படீங்களா என்று மகளிடமே மரியாதையாகக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தார். பட்டறைக்குப் போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் விமான நிலையத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். விமானம் இறங்கும்போது டிவியின் சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். அக்கா வரும் அன்றைக்கும் கிளம்பும் அன்றைக்கும் பார்த்து அப்பாவுக்கு லோடு வண்டி வரும், இல்லையென்றால் ஆள் வராமல் போவான். நான்தான் பைக்கிலோ காரிலோ போய் வருவேன். வீட்டு வாசலில் நின்று போய்ட்டு வா அம்மணி என்பார், அவ்வளவுதான். பெற்ற பெண்ணிடம் ஒரு காகிதத்துக்காக முறுக்கிக்கொள்கிற மனிதரை என்ன சொல்வது என்று எனக்குக் கோபமாக வரும். அக்காவுக்கு வராது. அவள் பழைய பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றுவதற்குக் காரணமே அந்தக் கடைசிப் பக்கம்தான் என்று எனக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று.

அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். அம்மா பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்ததால் என்னைப் பாதி வளர்த்தது அவள்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவிவிட்டு, தன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவாள். நான் சாப்பிடாமல் தட்டோரம் ஒதுக்கும் பாகற்காயை அம்மா திரும்புவதற்குள் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். அவளுக்கும் பாகற்காய் பிடிக்காது. அவள் கல்யாணமாகிப் போன அன்று மண்டபத்துச் சமையல் கூடத்துக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் ஒளிந்து அழுதேன். என்னைத் தேடிக் கண்டுபிடித்ததும் அவளேதான், கல்யாணப் புடவையோடு.

எனக்குப் பெண் பார்த்து முடிவானதும் அக்கா போனில் முதலில் கேட்டது பெண்ணைப் பற்றி அல்ல, இணைச்சீர் எப்போது என்று. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்குச் செய்யும் சீர் அது. கூறைப்புடவை வைத்த பேழைமூடியை, அதாவது மூங்கில் கூடை மூடியை, அவள் தலையில் சுமந்து வருவாள். ஒரு சேலையின் ஒரு முனை அவள் கையிலும் மறுமுனை மாப்பிள்ளை கையிலும் இருக்கும். கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டாலும் நீ எங்களோடு சேர்ந்தவள்தான் என்று ஊரறியச் சொல்வது அது. சாதாரண நாட்களில் அண்ணன் தம்பிகள் இப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் சீர் என்று ஒன்றை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, லீவு கிடைக்கவில்லை. மகனுக்குப் பரீட்சை. அக்கா மட்டும் கிளம்பி, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே கோயமுத்தூரில் இறங்குவதாக ஏற்பாடு. சிங்கப்பூர் வழியாக டிக்கெட் போட்டிருந்தாள். அவள் கிளம்பும் அன்று காலை நான் பட்டுச் சட்டைக்கு அளவு சரிபார்க்கத் தையல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது.

"தம்பி, என்னை ஏத்த மாட்டேங்கறாங்கடா. நான் எடுத்துட்டு வந்தது பழசு."

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அழுகைக்கு நடுவில் அவள் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். முந்தின நாள் மகன் கல்யாணப் பத்திரிகையில் இருந்த தாத்தாவின் பெயரைக் காட்டி எப்படி உச்சரிப்பது என்று கேட்டிருக்கிறான். இவள் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து, ஆங்கில எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அப்புறம் கல்யாண நகைகளும் பையில் இருக்கும்போது வேண்டாத ஒன்றை எதற்குச் சுமப்பது என்று, பழையதை இந்தத் தடவை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறாள். ஓ.சி.ஐ. புத்தகமும் இந்தியப் பாஸ்போர்ட்டும் பார்வைக்குப் பங்காளிகள். இரண்டும் நீலம், இரண்டின் அட்டையிலும் சிங்கத் தலைகள். அலமாரிக்குள் போனது ஓ.சி.ஐ. பைக்குள் வந்தது ஓரம் கத்தரித்த பழையது. வீடு விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண், இது இல்லாமல் உங்களை இந்தியாவில் இறங்க விடமாட்டார்கள் என்று அன்பாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

தையல் கடை என்றும் பாராமல் கத்தினேன். அந்தச் செத்த புத்தகத்தை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய், தூக்கிப் போட வேண்டியதுதானே என்றேன். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்று மட்டும் சொன்னாள். கடைக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் எப்படி இருப்பது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். மாமா காரை எடுத்துக்கொண்டு சரியான புத்தகத்தோடு விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. லீவு நாட்கள் சேர்ந்து வந்த வாரம் அது. கோயமுத்தூருக்கு ஒரு இடமும் இல்லை. கடைசியில் கொச்சிக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு கொச்சியில் இறங்குவாள். அங்கிருந்து காரில் வந்து சேர விடிந்துவிடும். இணைச்சீரோ முந்தின நாள் சாயங்காலமே நடக்க வேண்டியது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்த கையோடு அதை வைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு.

பெரியப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. சித்தப்பா மகள் இருக்கிறாள், அவளும் இவனுக்குத் தங்கச்சி முறைதான், அவளை வைத்து முடித்துவிடலாம் என்றார். முறைக்கு அதில் தப்பே இல்லை. கூடப்பிறந்தவள் இல்லாத வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரரிடம் போனில் கேட்டபோது அவரும் செய்யலாமுங்க என்றுதான் சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு வழியில்லை என்று தலையாட்டினாள். பெரியப்பா அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"அவதான் வேற நாட்டுக்காரி ஆயிட்டாளே. வாரப்ப வரட்டும், சாப்பிட்டுப்போட்டுப் போகட்டும்."

அக்கா வராமல் எனக்குச் சீரே வேண்டாம் என்றேன். சீர் இல்லாமல் கல்யாணமா என்று அவர் எகிறினார். நானும் எகிறினேன். கல்யாண மாப்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று இரண்டு அத்தைகள் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா இத்தனைக்கும் நடுவில் பந்தல்காரரிடம் வாழைமரம் எங்கே கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல்தான் அதிகக் கோபம். தன் அண்ணன் வாயை ஒரு வார்த்தையில் அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. பிறகு சமையலறைப் பக்கம் வந்து என்னிடம் மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார். சரியான புத்தகம் இப்போது அவள் கையில் இருக்கிறதா என்று. இருக்கிறது, மாமா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாழைமரத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு வரப்போகிறவளிடம் அன்று போனில் புலம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்க அக்கா வரட்டுங்க, என்ன அவசரமுங்க என்றாள். அவளோடு என் வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு முழு நம்பிக்கை வந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

மண்டபம் சரவணம்பட்டியில். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கூட்டம் நிரம்பிவிட்டது. ஐ.டி. கம்பெனிப் பஸ்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் சாலையில் என்னை ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். மாலையும் தலைப்பாகையுமாக நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்த அப்பாவை உள்ளே வந்தபிறகு காணவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பார் என்றார்கள். அங்கே இல்லை. பெரியப்பா ஆள் விட்டுத் தேடினார். போன் செய்தால் எடுக்கவில்லை. கடைசியில் அம்மா, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, என் காதில் சொன்னாள்.

"கொச்சிக்குப் போயிருக்காருடா. புள்ளையக் கூட்டியாரேன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லுல."

பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. பையன் கல்யாணத்தை விட்டுவிட்டு அப்பன் மலையாளத்துக்குக் கார் ஏறுவது எந்த ஊர் வழக்கம் என்று சத்தம் போட்டார். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார். சித்தப்பா மகள் அதற்குள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துத் தயாராக நின்றிருந்தாள், பாவம். அருமைக்காரர் மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல வயசாளி, அலட்டிக்கொள்ளாத மனிதர். ஆரம்பிங்க என்று பெரியப்பா சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளையைப் பெத்தவரு சபையில இல்லாம நான் எப்படீங்க சீரை எடுக்கறது, விடியால முகூர்த்தத்துக்கு முன்னால வெச்சுக்கலாமுங்க, அதுக்கும் வழக்கம் இருக்குதுங்க என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரை மட்டும் அனுப்பியிருந்தால் அக்கா வந்து சேர்ந்திருப்பாள். ஆனால் சீர் அதற்குள் முடிந்திருக்கும். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர், பேசாமல் தானே எழுந்து போய்விட்டார். அவர் இல்லாமல் யாரும் எதையும் தொடங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு நாளாக அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துபோனது. தலைப்பாகையோடு கண் கலங்கி நின்றேன். வீடியோக்காரர் அதை நன்றாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

கொச்சியில் நடந்ததைப் பின்னால் அக்கா சொல்லித்தான் தெரியும். குடியேற்றக் கவுண்டரில் இருந்தவர் இரண்டு புத்தகங்களையும் வாங்கிப் பார்த்து, முத்திரை போட்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் அனுப்பிவிட்டாராம். அவ்வளவு பாடுபடுத்திய விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டதே என்று அவளுக்கே சப்பென்று ஆகிவிட்டது. வாடகைக் கார் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறாள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனத்தோடு ஒருவர் நிற்பதைப் பார்த்து, யாரோ அப்பா ஜாடையில் இருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாளாம். பக்கத்தில் இருக்கிற விமான நிலையத்துக்கே வராதவர் இங்கே எப்படி வருவார்.

அவர் தள்ளுவண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். பாலக்காடு தாண்டியதும் ஒரு டீக்கடையில் காரை நிறுத்தச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். கிளாஸைக் கையில் வாங்கியதும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. சீர் முடிந்திருக்குமே, தம்பி என்ன நினைப்பான், எல்லாம் என்னால்தான் என்று ஏங்கி ஏங்கி அழுதிருக்கிறாள்.

"அழுவாத அம்மணி. நாந்தான் இங்க வந்துட்டனே, அங்க எவன் ஆரம்பிப்பான்? சீரு உனக்குத்தான். நீ எந்த ஊர்க்காரியா இருந்தாலும் என்ற புள்ளதான்."

இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் அக்காவால் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிந்ததில்லை.

வெளிச்சம் வரும் நேரத்துக்கு இருவரும் மண்டபத்து வாசலில் வந்து இறங்கினார்கள். அப்பாவின் பட்டுச் சட்டை கசங்கிக் கிடந்தது. அக்காவுக்கு முகம் வீங்கி, கண் சிவந்து, தலைமுடி ஒரு பக்கமாக நின்றது. நன்றாகத் திட்ட வேண்டும் என்று என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அவள் ஓடிவந்து, எண்ணெய் வைத்துச் சீவியிருந்த என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, யாருடா உனக்கு இப்படி வகிடு எடுத்தது என்று கேட்டாள். அத்தைகள் அவளைக் குளிக்க இழுத்துக்கொண்டு போனார்கள். சித்தப்பா மகள் தன் தலையில் இருந்த பூவில் பாதியை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டாள்.

இணைச்சீர் ஆரம்பமாயிற்று. பேழைமூடியைத் தலையில் தூக்கி வைத்தார்கள். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத உடம்பு. சேலையின் ஒரு முனையை அவள் கையிலும் மறுமுனையை என் கையிலும் கொடுத்து அருமைக்காரர் எங்களைச் சுற்றிவரச் சொன்னார். முன்னால் நடந்த அக்காவின் காலடியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கூட்டத்தில் அம்மா அழுவது தெரிந்தது. பெரியப்பா எழுந்து நின்று கை கூப்பிக்கொண்டிருந்தார்.

சுற்றி முடித்ததும் எங்களை அருகருகே உட்காரவைத்தார்கள். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருந்தன. அருமைக்காரர் தேங்காய் பழத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என் தோளில் ஏதோ கனத்தது. திரும்பிப் பார்த்தேன். சேலை முனையைப் பிடித்தபடியே அக்கா என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எழுப்புங்க, முகூர்த்தத்துக்கு நேரமாகுது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஓர் அத்தை அவள் தோளைத் தொடக் குனிந்தாள்.

அப்பா அவசரமாக மேடையேறி வந்து அத்தையின் கையைத் தடுத்தார். பிறகு மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்க. புள்ள தூங்குது."

மேளம் நின்றது. நான் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.